கில்பர்ட் சாரின் மூன்று பங்கு

கில்பர்ட் சாரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அந்தக் கரையில் யாரும் பேசியதில்லை. பாம்பனுக்குத் தெற்கே அதே ஊரில்தான் பிறந்தார். அவர் அப்பாவும் வலை இழுத்தவர்தான். இருந்தும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஊர்ப் பள்ளிக்கு வாத்தியாராக வந்ததும் சொந்தக்காரர்களைக்கூட மனிதர் மதிக்கவில்லை. படிக்காததெல்லாம் கடலுக்குப் போகட்டும் என்பார், தம் வீட்டில் மீனே வெந்ததில்லை என்பதுபோல.

மார்க் போட அவரே ஒரு முறை வைத்திருந்தார். மாதப் பரீட்சைக்கு ஒரு பங்கு, அரைப்பரீட்சைக்கு இரண்டு, முழுப்பரீட்சைக்கு மூன்று. பெருக்கிக் கூட்டி, ஆறால் வகுத்து முப்பத்தைந்து வந்தால் பாஸ். முழுப்பரீட்சை வருவதோ சித்திரையில். காற்றுத் திரும்பி, ஊரே சட்டி பானையோடு தென்கடலை விட்டு வடகடல் கரைக்குக் குடிசை மாற்றும் நேரம். அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

வள்ளம் வைத்து மீன் பிடிக்கும் சந்தனத்தின் மகள் யாகப்பம்மாள் மாதப் பரீட்சையில் அறுபது, அரைப்பரீட்சையில் ஐம்பது. முழுப்பரீட்சையை வடகரையில் தம்பிகளுக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு ஓடிவந்து எழுதினாள், பதினைந்து. ஃபெயிலானால் கருவாட்டுக் களம்தான் என்று சந்தனம் முன்பே சொல்லியிருந்தார். மகள் அழுத அழுகையைப் பார்த்தபின் அவரே பள்ளிக்கு வந்து நின்றார்.

“மூணையும் கூட்டி மூணால வகுத்தா நாப்பத்தொண்ணு வருது, சார்.”

“என் கணக்குல முப்பத்துநாலுதான். ஏலே சந்தனம், ஒன் வள்ளத்துல மட்டும் மீன் காசைத் தலைக்கு ஒரு பங்குன்னா பிரிக்கிற? வள்ளத்துக்குன்னு ரெண்டு பங்கு எடுக்கல?” வாயை அடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

“எடுக்குறேன். வள்ளம் ஒடஞ்சா நஷ்டம் எனக்கு, அதுக்குத்தான் அந்தப் பங்கு. ஒங்க மூணு பங்குல ஒடையிறது எம்புள்ள. ஒங்களுக்கு என்ன நஷ்டம்?”

“வெளிய போ” என்றார் கில்பர்ட் சார்.

அந்தக் கேள்வி ஒரு வருஷம் அவரை அரித்தது. சந்தனத்தின் மேல் ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் மறு சித்திரையில் எல்லாப் பரீட்சைக்கும் ஒரே பங்கு என்று மாற்றினார். மாற்றியதைச் சந்தனத்திடம் சொல்லக் கருவாட்டுக் களத்துக்கே போனார்.

“பழைய மார்க்கையும் புது முறையில போட்டுட்டேன். யாகப்பம்மா பாஸ். பள்ளிக்கூடம் தொறந்ததும் அனுப்பு.”

உப்பில் வெடித்த கைகளால் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த யாகப்பம்மாள் நிமிரவில்லை. “அப்ப ஒங்களால முடியும். போன வருசம் மனசுதான் வரலை” என்றாள்.

பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை.