வெள்ளத்தைக் கனடாவுக்குக் காட்டியவர்கள்

அந்தக் கிராமத்துக்குப் போன முதல் நாளே எனக்குச் சனத்தோடு சண்டை வந்துவிட்டது.

நான் ஒரு பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வெயில் காலத்தில் எங்களை ஒருவருக்கும் தெரியாது. கார்த்திகை மழை இறங்கினால் ஏசுவதற்கு முதல் ஆள் நாங்கள்தான். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன். பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

கிராமம் சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள், விடுவோம்.

1. பை

சனசமூக நிலையத்தில் கூட்டம். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அவசரப் பை இருக்க வேண்டும் என்று விளக்கினேன். காணி உறுதி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்து, ரோச் லைற், விசில், பிஸ்கட், தண்ணீர். சொல்லி முடிக்கவில்லை, முன் கதிரையில் இருந்த தில்லையம்பலம் எழும்பினார். தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர்.

"மிஸ், ஏழு தரம் இடம்பெயர்ந்த சனத்துக்கு ஓடச் சொல்லித் தாறியளோ?"

சபை சிரித்தது.

"நானும் ஓடினனான் ஐயா. ஓடேக்கை உறுதியை வீட்டிலை விட்டிட்டு அம்மியைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆக்களையும் கண்டனான். நீங்கள் என்னத்தைத் தூக்கினனீங்கள்?"

அவர் மனைவி புஸ்பம் பின் வரிசையில் இருந்து சொன்னா: "உவர் ரேடியோவைத் தூக்கினவர் மிஸ். உள்ளுக்கை பற்றரியும் இல்லை."

அதற்குப் பிறகு கூட்டம் என் பக்கம். வீட்டுக்கு ஒரு செம்மஞ்சள் நிறப் பை கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். தில்லையம்பலம் வீட்டில் பை சோக்கேசுக்குள் இருந்தது. மகன் அனுப்பிய பீங்கான் கோப்பைகளுக்கும் நாய்க்குட்டிப் பொம்மைக்கும் நடுவில், திரும்பவும் பொலித்தீன் உறைக்குள் போட்டு, பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால்.

"ஏன் புஸ்பமக்கா உதுக்கை?"

"புதுப் பை மிஸ். வெளியிலை வைச்சா ஊத்தையாப் போமெல்லே."

உறுதியும் கிளினிக் கொப்பியும் ஒழுங்காக உள்ளே இருந்தன. அது பெரிய காரியம். பிஸ்கட்டைக் காணவில்லை. கேட்டதற்கு, எலி என்றார்கள். பெட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கிற எலி.

2. ஒத்திகை

வெள்ளம் வந்தால் எப்படி வெளியேறுவது என்று அந்த ஊருக்கே ஓர் ஒத்திகை வைத்தோம். காலை ஒன்பது மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. பத்து நிமிடத்தில் எல்லாரும் பையோடு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும்.

வந்தார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து. பெண்கள் காஞ்சிபுரம் உடுத்து, தலைக்குப் பூ வைத்து வந்தார்கள். அரைவாசிப் பேர் போனை நீட்டிப் பிடித்தபடி நடந்தார்கள். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

காயப்பட்டவராகப் படுக்கத் தில்லையம்பலத்தைத் தெரிவு செய்திருந்தோம். நாலு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். மனிசன் படுத்தபடியே போனை நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கும் மகன் ரமணனோடு கதைக்கிறார்.

"ஓம் தம்பி, இப்ப தூக்கீனம். வடிவாத் தெரியுதோ? கொஞ்சம் பொறு, வேலிப் பக்கம் திருப்பிறன்."

"ஐயா! காயப்பட்ட ஆள் கதைக்கக்கூடாது!" என்று கத்தினேன்.

"காயம் காலிலை தானே மிஸ்."

தூக்கி வந்த நாலு பேரும் சிரித்ததில் ஸ்ட்ரெச்சர் சரிந்து, அவர் புல்லில் உருண்டார். போன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. போனுக்குள் இருந்து மகன் சிரிக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்டது.

என் மேலதிகாரி அறிக்கையில் "மக்களின் பங்களிப்பு அமோகம், ஒத்திகை வெற்றி" என்று எழுதினார். பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"சனம் வந்தது தானே பிள்ளை?"

"கலியாணத்துக்கும் தான் சேர் வருங்கள்."

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். அவசர இலக்கங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அடித்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் என் கையாலேயே ஒட்டினேன். கிராம அலுவலர், அம்புலன்ஸ், கடைசியாக என்னுடைய இலக்கம். நான் வாசல் தாண்டும் முன்னரே தில்லையம்பலம் அதையும் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். "சனியன் பிடிச்ச போன்" என்று வாய்விட்டே ஏசினேன்.

3. மழை

அந்த வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் நாளே கரண்ட் நின்றது. அன்று பின்னேரம் ஊர்ச் சனம் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டது. தில்லையம்பலம் வீடு மட்டும் போகவில்லை. அவர்களின் மகள் யாழினி வயிற்றுப் பிள்ளைக்காரி. கணவன் மன்னாரில் வேலை, றோட்டு மூடி வர வழியில்லை. தாழ்நிலத்தில் இருக்கும் கர்ப்பிணிகள் முதலிலேயே வெளியேற வேண்டும் என்று நான் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருந்தேன். "இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு மிஸ், வீட்டை விட்டிட்டு என்னெண்டு போறது" என்றா புஸ்பம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் கந்தோரில் என் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு இலக்கம்.

"நீங்கள் அந்த மிஸ் தானே? நான் ரமணன், கனடாவிலை இருந்து. மிஸ், தங்கச்சிக்கு வயித்துநோ தொடங்கிட்டுது. வீட்டுக்குள்ளை தண்ணி. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை போன் நிண்டிட்டுது. அப்பா படம் எடுத்து அனுப்பின தாளிலை இருந்த மற்ற நம்பர் ஒண்டும் வேலை செய்யேல்லை."

"வீட்டிலை எத்தினை போன்?"

"மூண்டு."

"மூண்டும் நிண்டிட்டுதோ?"

"அம்மா காலமை ரெண்டு மணித்தியாலம் தண்ணியைக் காட்டினவ. அப்பாவின்ரை போனிலை லண்டன் அக்கா. தங்கச்சியின்ரை போனிலை பிரான்ஸ் சித்தப்பா."

"வெள்ளத்தைப் பாக்க ரிக்கெற்றோ விக்கிறியள்? கரண்ட் இல்லாத வீட்டிலை போன் சார்ஜை உறிஞ்சிக் குடிச்சுப்போட்டு இப்ப எனக்கு எடுக்கிறியே!"

அந்தப் பக்கம் அழுகை. வளர்ந்த ஆம்பிளை விம்மி விம்மி அழுதான். யாழினிக்கு நெகட்டிவ் இரத்தம், பிந்தினால் ஆபத்து என்று மிட்வைஃப் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். ஏசுவதை நிறுத்தினேன்.

"அழாதை. தண்ணி எவ்வளவு? அதைச் சொல்லு."

"அம்மா கேற்றடியைக் காட்டேக்கை பூட்டு மட்டத்துக்கு நிண்டது மிஸ். வீட்டுக்குள்ளை முழங்கால்."

அந்தப் பதில்தான் காரியத்தை நகர்த்தியது. கேற்றுப் பூட்டு மட்டம் என்றால் ரக்ரர் போகாது, வள்ளம் வேண்டும். யாரும் நேரில் போய்ப் பார்த்து வரத் தேவைப்படவில்லை. கடற்றொழில் செய்யும் மரியதாசைக் கூப்பிட்டேன். அவருடைய சின்ன வள்ளத்தை லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, தண்ணீர் தொடங்கும் இடம் வரை போய் இறக்கினோம். ரமணன் லைனிலேயே நின்றான்.

"ஒழுங்கைப் பாதையாலை வேண்டாம் மிஸ், முள்ளுக்கம்பி வேலி தண்ணிக்குள்ளை கிடக்கும். பின்னாலை பனங்காணிக்குள்ளாலை வாங்கோ."

மரியதாசுக்கு ரோசம் வந்துவிட்டது. "கனடாக்காரன் எனக்கு வழி சொல்லுறானோ? நான் இஞ்சை பிறந்து வளந்தவன்." ஒழுங்கைக்குள்ளேயே வள்ளத்தை விட்டார். இருபது யார் போகவில்லை, முள்ளுக்கம்பி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தது. வள்ளம் ஒரு பக்கம், சாரம் ஒரு பக்கம். நல்லகாலம், உள்ளே களிசான் போட்டிருந்தார்.

"மிஸ், அங்காலை பாருங்கோ!"

"நான் ஒண்டும் பாக்கேல்லை. பனங்காணியாலை விடு!"

உயிர் போகிற அவசரத்தில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தடியூன்றினோம். ஏன் சிரித்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் யாழினி கட்டிலில், கட்டில் நாலு கொங்கிறீற் கல்லில். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளினிக் கொப்பி எங்கை?"

"பையுக்கை" என்றா புஸ்பம்.

"பை?"

"சோக்கேசுக்கை."

"பூட்டுத் திறப்பு?"

"அலுமாரிக்கை."

"அலுமாரித் திறப்பு?"

"தலாணிக்குக் கீழை வைச்சனான்."

"தலாணி எங்கை?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். தலையணை குசினி வாசலைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியை உடைக்க, தேங்காய் திருவுகிற திருவலையைத் தூக்கினேன். தில்லையம்பலம் குறுக்கே வந்தார். "மிஸ், உது மகன் அனுப்பின காசிலை செய்த சோக்கேஸ்!"

கட்டிலில் இருந்து யாழினி கத்தினாள்: "உடையுங்கோ மிஸ்! சின்னனிலை இருந்து அதுக்குக் கிட்டவும் போக விடேல்லை இவை!"

உடைத்தேன். மனதுக்கு நல்லாக இருந்தது.

யாழினியை வள்ளத்தில் ஏற்றிவிட்டுப் பார்த்தால் புஸ்பத்தைக் காணவில்லை. உள்ளே நின்று சத்தம் போடுகிறா: "ஒரு நிமிசம் மிஸ், பின்கதவு பூட்டேல்லை!"

"கள்ளன் என்ன நீந்தியே வரப்போறான்? ஏறுங்கோ!"

வள்ளத்தில் தில்லையம்பலம் என் பக்கம் சரிந்து, கையை நீட்டி மெதுவாகக் கேட்டார். "மிஸ், உங்கடை போனிலை வீடியோ வருமோ? தம்பி ஒருக்காப் பாக்கட்டும்." நான் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

புறப்பட முன் கந்தோரில் சொல்லி வரவழைத்த அம்புலன்ஸ் பிரதான வீதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றரை மணித்தியாலத்தில் பெண்பிள்ளை. இரண்டு உயிரும் சுகம். சேதியை நானே ரமணனுக்குச் சொன்னேன். அவன் கத்திய கத்தலில் போனைக் காதில் இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். மரியதாஸ் இரவல் வேட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆடினார். என் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்கப்போகிறோம் என்று புஸ்பம் என் கையைப் பிடித்து அழுதா. வைக்கவில்லை. லண்டனில் இருந்து ஒரு பெயர் வந்தது, அதை வைத்தார்கள்.

4. புதுத் தாள்

வெளிநாட்டுப் போன்களை நான் அவ்வளவு நாளும் ஏசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது வெள்ளத்துக்கு வெளியே, கரண்ட் உள்ள இடத்தில், சார்ஜ் உள்ள போனோடு இருந்த ஒருத்தன்தான். பிழை போனில் இல்லை. இருபது பேர் ஒரு வீட்டுக்கு எடுத்ததுதான் பிழை.

பழைய தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் முதல் வரி: "எங்கள் வீட்டின் வெளி ஆள்." தூரத்தில் இருக்கும் ஒரே ஓர் ஆள். வெள்ளம் வந்தால் அவருக்கு மட்டும் ஒரு வரிச் செய்தி. மற்றச் சொந்தம் எல்லாம் அவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு போன் நிறுத்தியபடி, சார்ஜோடு, பைக்குள். வீடியோ இல்லை. பையும் சோக்கேசுக்குள் இல்லை, வாசலடியில்.

இதற்கும் சண்டை. ரமணனைப் போட்டதும் லண்டன் மகள் தாயோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. "மூத்தவள் நானிருக்க அவனோ?" என்று எனக்கே எடுத்துக் கேட்டாள்.

"உம்மடை தம்பி அண்டைக்கு எனக்கு எடுத்தவன். நீர் என்ன செய்தனீர்?"

"நான் அழுதுகொண்டிருந்தனான்."

"அப்ப அந்த வேலையையே பாரும்."

அயல் வீடுகளும் ரமணனின் இலக்கத்தையே எழுதின. எல்லாமாகப் பதினொரு வீடு.

5. பன்னிரண்டாவது வீடு

இரண்டு வருடம் கழித்து மறுபடி பெருமழை. காலை எட்டரைக்கு ரமணன் எடுத்தான்.

"மிஸ், பதினொரு வீடும் பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டுது. எங்கடை அம்மாதான் முதலாவது. பின்கதவு பூட்டாமலே வந்தவவாம்."

கந்தோரில் நான் துள்ளிக் குதித்ததை மேலதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஒத்திகை வெற்றி என்று இனி எழுதுங்கோ சேர் என்றேன்.

அப்போது ரமணன் கேட்டான்: "உங்கடை வீடு என்னெண்டு மிஸ்? உடுவிலிலையும் தண்ணியாமே."

"எனக்கென்ன, நான் ஒபிசர்."

"ஒபிசரின்ரை வீட்டுக்குள்ளை தண்ணி வராதோ?"

உடனே வீட்டுக்கு எடுத்தேன். என் கணவரின் போன் எங்கேஜ். அரை மணித்தியாலம் எங்கேஜ். பிறகு போன் நின்றே போனது. பின்னேரம் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனேன். மனிசன் மேசைக்கு மேலே கதிரை, கதிரைக்கு மேலே தான் என்று ராசா மாதிரி இருக்கிறார்.

"போன் எங்கை?"

"சார்ஜ் முடிஞ்சுது. மகள் சுவிஸிலை இருந்து எடுத்தவள். கிணறு நிரம்பினதைப் பாக்க ஆசைப்பட்டாள்."

"உறுதி எங்கை? என்ரை பிறசர் மருந்து எங்கை?"

"நீதானே ஊருக்கெல்லாம் பை குடுக்கிறனீ. நீ எங்கையாவது வைச்சிருப்பாய் எண்டு நினைச்சன்."

நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் பையும் இல்லை, சுவரில் தாளும் இல்லை. ஊர்க் குடும்பங்களை ஆயத்தம் செய்யச் சம்பளம் வாங்கியவள், ஒரு நாளும் என் கணவரை இருத்தி ஐந்து நிமிடம் இதைப்பற்றிக் கதைத்ததில்லை. அவர் கதிரைக்கு மேலே இருந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது.

புதிதாக வந்திருக்கிற உத்தியோகத்தர்களே, முதல் தாளை உங்கள் சொந்தச் சுவரில் ஒட்டுங்கள். முதல் ஒத்திகையைச் சொந்த வீட்டில் வையுங்கள். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வைத்தேன். பையோடு கேற்றடிக்கு வர எங்கள் இரண்டு பேருக்கும் இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அதில் பத்து நிமிடம், மருந்தை யார் எடுப்பது என்ற சண்டை. எங்கள் வீட்டுத் தாளிலும் வெளி ஆள் ரமணன்தான்; "வந்திட்டம்" என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

அவன் பதில் எழுதினான்: "காணாது மிஸ். திரும்ப உள்ளுக்குப் போய் முதலிலை இருந்து வாங்கோ."

போனோம்.