போர்ட்டில் போட்ட தோர்த்து

தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். காலை எட்டு மணிக்குக் கவுண்டர்ப் பெண் நிரலை ஓடவிட்டால் நோயாளிகளின் எண் டாக்டர் அறைகளில் தெரிய வேண்டும். சில நாள் தெரியும். சில நாள், கேட்ட போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு நிரல் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடும். போர்ட் என்பது எண் போட்ட இருக்கை. ஒன்றில் ஒருவர்தான் உட்கார முடியும். நான் உதியன்குளங்கரையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு வயிற்றெரிச்சல் வேறெதிலும் பட்டதில்லை.

சனிக்கிழமையும் நின்றால் கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். அப்படியானால் என் கம்ப்யூட்டர்க் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்குப் போக மனமே இல்லை.

ஆஸ்பத்திரியின் லேப்காரர்தான் அதில் வேறு எதையோ ஓடவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன்.

“எனக்க மேல எதுக்கு சாடுதீரு? நான் அந்த மெசின தொட்டதே இல்ல ஆக்கும்,” என்று அவர் கத்தினார்.

எந்த நிரலும் போர்ட் கேட்டு வந்து நிற்கும் இடம் லினக்ஸின் மையமான கெர்னல்தான். அங்கேயே ஒரு கொக்கி மாட்டினேன். யார் கேட்டாலும் எழுதி வைக்கும். எங்கள் லாகின் அல்லாத எவருக்கும் கொடுக்காது. கெர்னலைக் கம்பைல் செய்து ஓடும் வடிவுக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு முறை கரண்ட் போய், இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வியாழக்கிழமை டோக்கன் மறுபடி நின்றது. பதிவில் இருந்ததோ எங்கள் லாகின் மட்டும். நான் கஷ்டப்பட்டு மாட்டிய கொக்கி என்னையே கைகாட்டியது! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்கும் நிரலின் பெயரையும் எழுதும்படி கொக்கியை மாற்றி, ஃபிளாப்பியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நானே முன்கூட்டிப் போய்க் காத்திருந்தேன். டோக்கன் நின்றது. பதிவில் ஒரு பெயர்: தோர்த்து.

எங்கள் பக்கத்தில் துண்டுக்கு அதுதான் பேர். பஸ் வந்து நிற்குமுன்பே ஜன்னல் வழியாக இருக்கையில் தோர்த்தைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அதில் என் மனைவியின் தம்பியை அடிக்க ஆளில்லை. பாறசாலையிலிருந்து தினமும் வந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கவனிப்பவனும் அவன்தான். எங்கள் இருவருக்கும் ஒரே லாகின்.

எட்டரைக்கு வியர்த்துக்கொண்டு வந்தான்.

“எலே, இது யாருக்க வேல?”

“எனக்க வேலதான் அத்தான். மெசின் போட்ட உடனே அதுவே போர்ட்ட பிடிச்சு வச்சிரும். வேற எவனும் கேறக்கூடாதுல்லா? நான் வந்து அத எடுத்துட்டு டோக்கன கேற விடுவேன்.”

“நீ வரல்லன்னா?”

“பஸ் பிந்தினா நான் என்ன செய்யது?”

எனக்காகப் பிடித்து வைத்த இடத்தில் நானே உட்கார முடியாமல் கெர்னலைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு அந்த நிரலை அழித்தேன். லேப்காரர் வாசலில் நின்று ரசித்தார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் டோக்கன் ஓடியது. பெட்டி அங்கேயே இருந்தது. வளைகுடாப் பேச்சும் நின்றது.

மத்தியானம் பாறசாலை பஸ்ஸில் அவன் எனக்கு முன்பே ஏறி, பக்கத்து இருக்கையில் தோர்த்தை விரித்திருந்தான். “அத்தானுக்கு வேண்டித்தான்,” என்றான். முந்தின நாளிலிருந்து அவனோடு பேசாத நான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கூட்டம் நெருக்கியது. யார் யாரோ அந்த இடத்தைக் கேட்டார்கள். ஆள் உண்டு, ஆள் உண்டு என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினான்.

அமரவிளை வரைதான் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது. தோர்த்தை எடுத்து அவன் மடியில் எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.