புது பெயிண்ட்

என் கணவரின் எலக்ட்ரிக் கிட்டார் அமெரிக்காவில் செய்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் வாங்கினார். இருபது வருஷம் எங்கள் லோத்குண்டா வீட்டிலும் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் வாசித்தார். அவர் கை உரசி உரசி ஓரிடத்தில் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. எனக்கு அது பார்க்கவே சகிக்காது.

மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அதை விற்பதென்று முடிவு செய்தோம். பம்பாயிலிருந்து பழைய கிட்டார்கள் வாங்கும் ஒரு தமிழ் வியாபாரி வருவதாக எழுதினார். நல்ல விலை கிடைக்கட்டும் என்று, கணவரிடம் சொல்லாமல், சனத்நகரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கடையில் கொடுத்து புதுச் சிவப்பு அடித்து வாங்கி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, முன்பு மரம் தெரிந்த இடத்தை விரலால் தடவினார்.

வியாபாரி கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, உள்ளே பென்சிலில் எழுதியிருந்த தேதியைப் படித்தார். "ஒரிஜினல்தான். ஆனா பெயிண்ட்டைக் கெடுத்துட்டீங்க. பாதி விலைதான்."

"புதுசா அடிச்சா ஏன் விலை குறையும்?"

"தேஞ்சிருந்தாலும் கம்பெனி அடிச்ச பெயிண்ட்டுக்குத்தாம்மா மதிப்பு."

என்மேல் வந்த ஆத்திரத்தை அந்த ஆள்மேல் காட்டினேன். "காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் போனதும் என் கணவர் கழுத்தை மறுபடி மாட்டி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதி விலைக்கு நக்கோ, வேணாம். பி.எஃப். லோன் போட்டுக்கலாம். இந்த இடம் திரும்பத் தேய இன்னும் இருபது வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் வாசிக்கிறதை நீ கேட்டுத்தான் ஆகணும்."



"முதல்ல சுருதி சேருங்க," என்றேன்.