அமைதியான வகை

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு வகை உண்டு. நான்கு ஆங்கில எழுத்துகள். வேலைக்குச் சேர்ந்ததும் கணினியில் ஒரு தேர்வு எழுதச் சொல்வார்கள். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அது கண்டுபிடித்துச் சொல்லும். முடிவை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து மேசை மேல் நிற்க வைத்துவிடுவார்கள். என் அட்டையின் முதல் எழுத்துக்கு, தனிமையை விரும்புகிறவன் என்று பொருள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். கடைகளுக்கு பில் போடும் மெஷினும் அதற்கான மென்பொருளும் விற்கிறோம். நான் மென்பொருள் பக்கம். வீடு ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, கிள்ளானில். அப்பா லோரி ஓட்டுகிறார்; அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். யார் எந்தத் தேர்வை நீட்டினாலும் எழுதி, வந்த மதிப்பெண்ணை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அதனால் இதையும் நம்பினேன்.

அந்த முடிவு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மீட்டிங்கில் நான் வாயைத் திறப்பதில்லை. சொல்ல ஏதாவது இருக்கும். அதை ஆங்கிலத்தில் கோத்து, வினைச்சொல் சரியாக இருக்கிறதா என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து நிமிர்வதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அதுவரை அதைப் பயம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அட்டை அதைச் சுபாவம் என்றது. சுபாவத்துக்கு யார் வெட்கப்படுவார்கள்?

மற்றவர்களும் அதை மதித்தார்கள். மதியம் சாப்பிடப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். “அவன தொந்தரவு பண்ணாத லா, அவன் அந்த டைப்” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கேலி இல்லை, அக்கறைதான். மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன். நாளடைவில் அது பிடித்தும்விட்டது. பிடித்ததா, பிடித்ததாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் கிள்ளான் வேலை வந்தது. அங்குள்ள கடைகளுக்கு நேரில் போய் மெஷினைப் பொருத்தி, கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சேலைக் கடை, மாலைக் கடை, மளிகைக் கடை. நான் சின்ன வயதிலிருந்து சுற்றிய தெருக்கள். அங்கே எந்த வினைச்சொல்லையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அவ்வளவு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, தானாக என்னிடம் வரும் என்று காத்திருந்தேன்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தமிழ்ப் பெண்தான், வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், நல்ல மனம்.

“கிள்ளானுக்கு உன்னத்தான் ஃபர்ஸ்ட் நெனச்சேன். அப்புறம் உன் ரிசல்ட்ட எடுத்துப் பார்த்தேன். டெய்லி தெரியாத ஆளுங்ககிட்ட பேசணும். கத்துவாங்க, சண்டைக்கு வருவாங்க. யூ வில் ஸஃபர் லா. உனக்கு டெஸ்க் வேலதான் நிம்மதி, இல்ல?”

இல்லை மேடம், எனக்குப் போகணும். அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். தமிழிலேயே சொல்லியிருக்கலாம், அவர் தமிழில்தானே கேட்டார்.

“ஓகே மேடம்” என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

வேலை எங்கள் அலுவலகத்திலேயே பூச்சோங் ஊர்ப் பையன் ஒருவனுக்குப் போனது. கலகலப்பானவன். அவன் அட்டையின் முதல் எழுத்து என்னுடையதற்கு நேர் எதிர். தமிழ் மட்டும் கொஞ்சம் தடுமாறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் சொன்னபோது, பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கை அந்தத் தேர்வைக் காட்டச் சொன்னாள். இணையத்தில் அதே தேர்வு இருந்தது. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

“புதுசா பார்க்கிறவங்ககிட்ட நீயே போய்ப் பேசுவியா?”

“பேசாமலா?” வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா முந்திக்கொண்டார். “தைப்பூசத்துக்கு பத்துமலை தண்ணிப் பந்தல்ல இவன் கையிலேர்ந்து மைக்க வாங்க முடிஞ்சிச்சா? காணாமப் போன புள்ள பேரச் சொல்லுடான்னா, காவடிக்கு கமெண்டரி குடுக்கிறான்.”

“விருந்துக்குப் போனா எப்படா கிளம்பலாம்னு இருக்குமா?”

“மண்டபத்துல விளக்க அணைச்சாத்தான் வருவான்.”

“அம்மா, கேள்வி எனக்கு.”

“அண்ணே, நீ சும்மா இரு” என்றாள் தங்கை. “நீ ஏற்கெனவே எழுதி ஃபெயில்.”

முதல் எழுத்து மாறி வந்தது. தங்கை கைதட்டினாள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த விருந்துக் கேள்வியிலேயே மனம் நின்றது. அலுவலகத்தில் விருந்து என்ற கேள்வியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கம்பெனி விருந்து நடந்த ஹோட்டல். கையில் குளிர்பானத்தோடு சுவரோரமாக நின்றது. அதே கேள்வியைத் தங்கை வாசித்தபோது கல்யாண மண்டபம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் இருக்கிற நான் பதில் சொன்னேன்.

அதற்காக அம்மா எழுதிய தேர்வை நம்பினேன் என்றும் இல்லை. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவனும் நான்தான். அவனை அம்மாவுக்குத் தெரியாது. தேர்வைக் குறை சொல்வது எளிது. அதை எழுதி முடித்த பிறகும் எனக்கு வாய் இருந்தது. பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது நான்.

சில வாரம் கழித்துப் பூச்சோங் பையன் கிள்ளானிலிருந்து அழைத்தான். “ப்ரோ, ஆன்டி என்ன சொல்றாங்கன்னே புரியல. நீயே பேசேன், ப்ளீஸ்.”

சேலைக் கடைக்கார அம்மா. சேலைக்கு ஓரம் அடித்த கூலியை பில்லில் எங்கே போடுவது என்று தெரியாமல் மெஷினையே திட்டிக்கொண்டிருந்தார். “அத ஏன் ஆன்டி திட்டுறீங்க, அதுக்குத் தமிழ் தெரியாது” என்றேன். சிரித்துவிட்டார். ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தேன். என் குரல் அலுவலகம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்தால் மேனேஜர் என் மேசை அருகே நின்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?” என்றார் அந்த அம்மா.

“கிள்ளான்தான் ஆன்டி.”

“அட, இங்கேயே இருந்துக்கிட்டா போன்ல கத்துற? நீயே வந்திருக்கலாம்ல?”

மேனேஜர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அந்தக் கேள்விக்கான பதிலைச் சத்தமாகச் சொன்னால் போதும். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

“எனக்கு ஆபீஸ்லதான் வேல ஆன்டி” என்றேன்.

“சரிப்பா, அதுதான் சொகம்” என்று அவர் போனைப் பையனிடம் கொடுத்தார். மேனேஜர் தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.