தொண்டை வலி என்று சொன்னவர்

லேத் பட்டறையில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்பு கடைகிற இரைச்சலையும் மீறி, மாமியார் சண்டையிலிருந்து மச்சினன் குறட்டை வரை நாள் முழுக்க ஒலிபரப்புவார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். விதைப்பையில் மரு மாதிரி ஒன்று முளைத்துப் புண்ணாகி, ஆறவே மாட்டேன் என்றது. காலை அகட்டி நடந்தார். கேட்டவர்களிடம் புதுச் செருப்பு கடிக்கிறது என்றார். காலில் கிடந்ததோ தேய்ந்துபோன பழைய செருப்பு.

ஒருவழியாக டாக்டரைப் பார்க்கப் போனால், உள்ளே இருந்தது பெண் டாக்டர். ரேடியோவின் வாயில் வந்தது தொண்டை வலி. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர். அடுத்த முறையும் தொண்டைதான். ஓயாமல் கொப்பளிக்கிற சத்தத்தில் மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. துவைக்கப் போட்ட உள்ளாடையில் கறையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. மறுநாள் கையோடு இழுத்துப் போனார்.

“டாக்டரம்மா, இவருக்குத் தொண்டை ரொம்பக் கீழ எறங்கிடுச்சு. பேண்ட்டக் கழட்டச் சொல்லிப் பாருங்க.”

டாக்டர் பார்த்து முடிக்கும்வரை ரேடியோ கூரை மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

என்ன வேலை என்று டாக்டர் விசாரித்தார். லேத்திலிருந்து தெறிக்கிற எண்ணெய் நேராக மடியில்தான் விழும். கை துடைத்த துணியும் பேண்ட் பையில்தான் கிடக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. எண்ணெய் தோலில் ஊறி ஊறி வந்தது, நல்லவேளை பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி அவர் கையைப் பிடித்தபடியே வந்தார்.

“வெக்கத்துக்காக உசிர விட்டிருப்பீங்களே.”

“கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம் நீ.”

“பக்குவமாத்தான் சொன்னேன். மனசுல இருந்ததச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அறுவை நல்லபடியாக முடிந்தது. புண் ஆறி வேலைக்குத் திரும்பியவர், சாப்பாட்டு வேளையில் பெஞ்சில் ஏறி நின்று, எங்கே வந்தது, எதனால் வந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு ஆளாளுக்குப் பேண்ட் பையிலிருந்த துணியை எடுத்துப் போட்டுவிட்டு, கழிவறை வாசலில் வரிசை கட்டினார்கள். உள்ளே போனவர்கள் லேசில் வெளியே வரவில்லை.

வேலை ஏன் நிற்கிறது என்று கேட்க வந்தார் முதலாளி. காரணத்தைக் கேட்டுக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர்தான். நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மறுவாரமே லேத்துகளுக்கெல்லாம் தகரத் தடுப்பு வந்து சேர்ந்தது.