காசியம்மாள் கட்டிய பிராது

காசியம்மாளுக்குக் கோபம் வந்தால் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையெல்லாம் நெருப்பில்லாமலே வெந்துவிடும். பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. கோபமான நாளில் அவள் கண் எழுதிய பிள்ளையார், வாங்க வந்தவர்களை முறைத்துத் துரத்தியதாகக் கேள்வி.

பொங்கலுக்கு முன்னால் அப்படி ஒரு கோபம். பக்கத்து வீட்டுக் கொழுந்தன் சேரன் சாக்கடைத் தண்ணீரை அவள் சுவரோரம் திருப்பிவிட்டான். கேட்கப் போனவளிடம் கையை ஓங்கினான். அவள் நேரே மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பராக முருகன் இருக்கிற கோயிலில் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்தாள். ஓங்கின கை விளங்காமல் போகணும், அவ்வளவுதான் பிராது.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது சேரன்தான் தன் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சண்டை தீர்ந்தது, சாக்கடையும் திரும்பியது. சமாதானம் ஆனால் சாமியிடம் போய்ப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும் என்பது ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். காசியம்மாள் மறந்தே போனாள்.

ஞாபகம் வந்த இடம்தான் மோசம். ஒரே நாளில் கடலையும் மலையையும் காட்டுகிறேன் என்று சேரன் தன் அண்ணன் குடும்பத்தை வேனில் ஏற்றினான். காலையில் கடலூரில் கால் நனைத்து, மத்தியானம் கல்வராயன் மலை ஏறியாயிற்று. இறங்கும்போது ஒரு கொண்டையூசி வளைவில் சேரன், கியர் போடுகிற கையை உதறிக்கொண்டான். கை ஒரு மாதிரி இழுக்கிறது என்று சாதாரணமாகத்தான் சொன்னான்.

பின்சீட்டில் இருந்த காசியம்மாளின் உயிர் உள்ளங்காலுக்கு இறங்கியது. பக்கத்தில் பள்ளம். பாதாள லோகத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று பார்க்கிற அளவுக்குப் பள்ளம். மகள் பூர்ணிமா சிப்ஸ் தின்கிறாள், புருஷன் தேவநாதன் குறட்டை விடுகிறார். தீர்ப்பு சொல்லச் சாமிக்கு இந்த வளைவா கிடைத்தது?

வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சேரன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எந்தக் கைன்னு எழுதுனீங்க அண்ணி?"

"ஓங்குன கைன்னுதாம்ப்பா எழுதுனேன்."

"ரெண்டையுந்தான ஓங்குனேன்."

அதோடு சரி. ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்றான். விழித்துக்கொண்ட தேவநாதனுக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் சைக்கிள், அதுவும் சமதரையில். மேலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் பின்னால் வருகிற லாரி இடித்துத் தள்ளிவிடும்.

காசியம்மாள் முன்சீட்டுக்கு மாறி, அவன் கையை எடுத்துக் கியர் மேல் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஓட்டு தம்பி. அடிக்கறதா இருந்தா, பிராது கட்டுனவ கையயும் சேத்து அடிக்கட்டும்."

ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடினாள். அவள் முருகனைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு ஆறுபடை வீட்டிலும் நடை தானாகத் திறந்திருக்கும்.

அடிவாரத்து டீக்கடையில் வேன் நின்றது. ஜன்னல் வழியாக நீட்டிய டீ கிளாஸை வாங்கப் போன சேரன் அப்படியே வெளுத்துப் போனான்.

"அண்ணி, விரலு அசையல. மரத்துப் போச்சு."

அவளுக்குக் கண் இருட்டியது. தேவநாதன்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ வுட்டாத்தானடி அசையும்."

குனிந்து பார்த்தாள். இடுக்கிப் பிடியாக இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்ட இடத்தில் அஞ்சு விரலும் பதிந்திருந்தது. அந்தக் கை சிவந்து, சுண்டுவிரல் ஆடும்வரை அவள் மூச்சே விடவில்லை.

"வூட்டுக்கு வாணாம் தம்பி," என்றாள். "நேரா மணவாளநல்லூருக்கு வுடு."

வேன் கிளம்பியது. காசியம்மாள் பின்சீட்டில், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.