ஜோசலின் சிஸ்டர் வார்டை விட்டது

ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஜோசலினுக்கு நிதானமான நர்ஸ் என்று பெயர். ஊசி போட நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் தவித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று மே மாத மதியம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியதால் வார்டு ஏசி மட்டும் நின்றிருந்தது. கூட இருந்த நர்ஸ் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கீழே அழைத்துப் போயிருந்தாள். செம்பாக்கம் ஏகநாதனுக்கு முந்தின நாள்தான் பித்தப்பை ஆபரேஷன். அவர் மனைவி ஹேமாவதி மேசைக்கு வந்தாள்.

"சிஸ்டர், அவருக்கு இன்னாவோ மாதிரி கீதாம். தண்ணி தண்ணின்றாரு. கொஞ்சம் வந்து பாருங்க."

ஜோசலின் அறை வாசலில் நின்று பார்த்தாள். ஏகநாதனின் முகமெல்லாம் வியர்வை. புழுக்கம், வார்டில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று எண்ணினாள். காலையில் பிரஷர் சரியாக இருந்தது.

அதற்குள் கடைசி அறையிலிருந்து ஒரு தாய் அலறினாள். அவள் மகள் சுஜி ஆஸ்துமாவுக்காகச் சேர்ந்திருந்த சிறுமி. மார்பில் இழுப்புச் சத்தமே இல்லை. காற்று உள்ளே போகாததால் வந்த அமைதி அது என்று ஜோசலினுக்குப் புரிந்தது. முகமூடியை மாட்டி ஆக்ஸிஜனைத் திறந்தாள், நெபுலைசர் வைத்தாள், ஆபரேஷன் தியேட்டரில் இருந்த டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஓடிவந்தார். குழந்தையின் உதடு நீலம் மாறிச் சிவந்தது.

திரும்பி வந்தபோது ஹேமாவதி விசிறிக்கொண்டிருந்தாள். "இப்பதான் தூங்குறாரு" என்றாள் மெதுவாக.

ஜோசலின் அவர் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்தது; அந்த வியர்வையும் தாகமும் அதனால்தான். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

"நானா இருந்தாலும் அந்தப் பொண்ணுகிட்டதான் முதல்ல போயிருப்பேன் சிஸ்டர்" என்றார் டாக்டர்.

சுஜியிடம் போனதை அவளும் தவறென்று நினைக்கவில்லை. ஆனால் வாசலிலேயே, தொட்டுக்கூடப் பார்க்காமல், புழுக்கம் என்று முடிவு செய்திருந்தாள். போனில் ஏகநாதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஹேமாவதி சண்டை போடவில்லை. ஆம்புலன்ஸில் ஏறுமுன் கேட்டாள்: "நான் கூப்டேனே சிஸ்டர். இன்னும் சத்தமா கூப்ட்ருக்கணுமா?"



அதன்பின் யாருக்கு லேசாக வியர்த்தாலும் டாக்டரைக் கூப்பிட்டாள். தூங்குகிறவர்களை எழுப்பி எழுப்பி நாடி பார்த்தாள். சுஜியின் தாய் ஸ்வீட் பாக்ஸோடு வந்த நாளில் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருநாள் இரண்டு அறைகளில் ஒரே நேரம் மணி அடித்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாள். வேறு நர்ஸ்கள் ஓடினார்கள்.

அந்த வாரமே கேட்டு வேலையை மாற்றிக்கொண்டாள். இப்போது ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் கிருமி நீக்கி அடுக்கும் அறையில் வேலை. நோயாளி யாரும் அங்கே வருவதில்லை.

"கொஞ்ச நாள்தான், மறுபடி வார்டுக்குப் போயிடுவா" என்று சர்ச்சுக்கு வருகிறவர்கள் கேட்டால் கணவன் மெர்வின் சொல்கிறான். அவள் மறுத்துப் பேசுவதில்லை. போகப்போவதும் இல்லை.